வளைவில் திரும்ப மறுத்த பழைய ஸ்னோமொபைல்: சஸ்பென்ஷன் சரிசெய்த கதை

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் வண்டி: முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள் (ஸ்கீ), பின்னால் வண்டியைத் தள்ளும் ரப்பர் சுழல்பட்டை (டிராக்). என்னுடையது 1998 மாடல். 500 சிசி, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். முன்பக்கம் டிரெய்லிங் ஆர்ம் (ஸ்கீயைப் பின்னாலிருந்து நீண்டு தாங்கும் கை), பின்பக்கம் 121 அங்குல டிராக். எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கடுங்குளிரிலும் இரண்டாம் இழுப்பில் கிளம்பிவிடும். தொல்லையெல்லாம் ஓட்டத்தில்தான். வளைவில் ஹேண்டிலைத் திருப்பினால் ஸ்கீ இரண்டும் திரும்பும், வண்டி மட்டும் நேராகவே போகும். நேர்ப்பாதையிலோ, முன்னால் போன வண்டிகள் பனியில் கீறிவிட்டுப்போன கோடுகளில் ஸ்கீ மாட்டிக்கொண்டு மூக்கை இடமும் வலமுமாக வெட்டி இழுக்கும். மதியத்துக்கு மேல் பாதை அலையலையாகக் குழிந்த பிறகு பின்பக்கம் உதைக்கிற உதையில் இடுப்பு கழன்றுவிடும்.

இப்போது மூன்றும் அடங்கிவிட்டன. புது வண்டி மாதிரி ஓடுகிறது என்று சொல்லமாட்டேன். இந்த வயதில் ஒரு டிரெய்லிங் ஆர்ம் வண்டி எப்படி ஓடவேண்டுமோ அப்படி ஓடுகிறது. வேலையில் பாதிக்கு மேல் கிரீஸும் ஸ்பேனரும் பார்த்ததுதான். வளைவில் திரும்பாத குறைக்கு மருந்து ஸ்கீ பக்கம் இல்லை, டிராக்குக்கு உள்ளே இருந்தது.

எதையும் தொடுவதற்கு முன்னால், இருக்கிற நிலையை எழுதி வைத்துக்கொண்டேன். முன் ஷாக் இரண்டு, டிராக்குக்குள் இருக்கும் நடு ஷாக் ஆகியவற்றின் ஸ்பிரிங் நீளம் மில்லிமீட்டரில், பின் டார்ஷன் ஸ்பிரிங்கின் (முறுக்கேறும் ஸ்பிரிங்) இறுக்கத்தை மாற்றும் கட்டையான கேம் எந்தப் படியில் இருக்கிறது, லிமிட்டர் பட்டை எத்தனையாவது துளையில் மாட்டியிருக்கிறது, டை ராடின் (ஹேண்டிலின் திருப்பத்தை ஸ்கீக்குக் கொண்டுபோகும் கம்பி) இரு முனையிலும் வெளியே தெரியும் மரைகளின் எண்ணிக்கை, எல்லாம். ஒவ்வொரு நட்டிலும் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. பிறகு எங்கேயாவது வழி தவறினால் திரும்பி வர இந்தக் குறிப்புதான் துணை. சோதனைக்கு என்று ஒரே பாதைத் துண்டைத் தேர்ந்தெடுத்தேன்: ஒரு நீண்ட வளைவு, கோடு விழுந்த ஒரு நேர்ப்பாதை, குழி விழும் ஒரு இறக்கம். பனிப்பாதை தார்ச்சாலை அல்ல. காலையில் சமன்செய்த பாதையில் நன்றாக இருந்த செட்டிங் பிற்பகலில் அதே இடத்தில் மோசமாகத் தெரியும். அதனால் ஒரு மாற்றம், உடனே ஓட்டம், உடனே குறிப்பு. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் முன்பக்க ஆட்டம். ஹேண்டிலை ஒருவரை இறுகப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஸ்கீயின் நுனியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நுனியில் 25 மி.மீ. ஆட்டம். இவ்வளவு ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை முறுக்குவதில் அர்த்தமே இல்லை. ஆட்டம் எங்கே என்று கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால்தான் தெரியும். ஒருவர் ஹேண்டிலைச் சிறிது சிறிதாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். மூட்டின் ஒரு பாதி அசைந்து மறுபாதி ஒரு கணம் தாமதித்தால் அங்கேதான் தேய்மானம். இடது டை ராடின் வெளிமுனை, இரண்டு ஸ்கீ போல்ட்டுகளின் புஷ் (மூட்டுக்குள் இருக்கும் தேய்மான வளையம்), ஸ்டியரிங் தண்டின் கீழ் புஷ், இந்த மூன்று இடங்களும் போயிருந்தன. ஸ்கீ போல்ட்டை உருவி வெர்னியரில் அளந்தால் நடுவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. புஷ்ஷை மட்டும் மாற்றி பழைய போல்ட்டையே போட்டால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும், ஆகவே இரண்டையும் மாற்றினேன். டை ராட் முனைகளில் ஒன்று இடது மரை. இதை மறந்து பலம் போட்டால் மரை வழுக்கிவிடும்.

ஸ்கீயின் அடியில் பனியைக் கடித்துப் பிடிக்கும் கார்பைடு (கடின உலோகம்) பதித்த கம்பியும் வட்டமாக மழுங்கியிருந்தது. அதிலும் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. புதிதாக 6 அங்குல கார்பைடு உள்ளதாகப் போட்டேன். கடையில் இன்னும் நீளமானது இருந்தது, கை வைக்கவில்லை. என் டிராக்கில் ஸ்டட் ஆணிகள் கிடையாது. முன்பக்கம் மட்டும் பனியைக் கடித்துப் பிடித்து, பின்பக்கம் பிடிக்காவிட்டால் வளைவில் வால் சுழன்றுவிடும். திரும்பாத வண்டியைவிட வால் சுழலும் வண்டி ஆபத்து.

அப்புறம் ஸ்கீ நேர்ப்படுத்தல். இதற்கு வேண்டியது வளையாத ஒரு நீளமான அலுமினியக் குழாய், ஒரு டேப், கொக்கி வைத்த ஒரு எலாஸ்டிக் கயிறு, அவ்வளவுதான். ஹேண்டிலை நேராக வைத்து, எலாஸ்டிக் கயிற்றை இரண்டு ஸ்கீ நுனிகளிலும் மாட்டி உள்பக்கம் இழுத்துப் பிடிக்கவைத்தேன். மூட்டுகளில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆட்டமும் இதனால் ஒரே பக்கம் ஒதுங்கிவிடும், அளவு மாறிக்கொண்டே இருக்காது. அலுமினியக் குழாயை டிராக்கின் பக்கவாட்டில் ஒட்டிவைத்து முன்னால் ஸ்கீ வரை நீட்டினேன். ஸ்கீ போல்ட்டிலிருந்து முன்னால் 10 அங்குலம், பின்னால் 10 அங்குலம் என்று குறித்து, அந்த இரண்டு இடங்களிலும் குழாயிலிருந்து கார்பைடு கம்பி வரை அளந்தேன். ஸ்கீயின் ஓரத்திலிருந்து அளக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஓரம் நேராக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இடது ஸ்கீ 4 மி.மீ. உள்நோக்கி இருந்தது, வலது 9 மி.மீ. வெளிநோக்கி. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 5 மி.மீ. வெளிநோக்கு, கையேடு சொல்லும் எல்லைக்குள்தான். இரண்டு ஸ்கீக்கும் நடுவில் முன்னாலும் பின்னாலும் அளந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது. டிராக்கை ஆதாரமாக வைத்து ஒவ்வொரு ஸ்கீயையும் தனியாக அளந்தால்தான் தெரியும். ஒவ்வொன்றும் 3 மி.மீ. வெளிநோக்கி வருமாறு டை ராட்களைத் திருப்பி, ஆள் உட்கார்ந்த நிலையிலும் ஒருமுறை அளந்து பூட்டு நட்டை இறுக்கினேன். சஸ்பென்ஷன் அமுங்கும்போது இந்த அளவு சற்று மாறும், அதனால்தான் ஆள் உட்கார வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் கோடுகளில் வெட்டி இழுப்பது பாதிக்கு மேல் குறைந்தது. வளைவு அப்படியே இருந்தது.

வளைவுக்காக எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஸ்கீ ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கினேன். இரண்டு சுற்று, பிறகு மேலும் இரண்டு. ஸ்கீ கொஞ்சம் பிடித்தது உண்மை. ஆனால் ஹேண்டில் கல்லாகக் கனத்தது, குறைத்து வைத்திருந்த வெட்டு இழுப்பு திரும்ப வந்தது, சிறு குழிகூட மணிக்கட்டில் தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஸ்கீ தூக்கிக்கொண்டு பழையபடி நேராகப் போனது. எரிபொருளைக் குறைத்தால் திரும்புகிறது, கொடுத்தால் திரும்புவதில்லை. இது நல்ல துப்பு. கனம் ஸ்கீயில் நிற்கவில்லை, எஞ்சின் இழுக்க இழுக்கப் பின்னால் ஓடுகிறது. அதைக் கட்டுப்படுத்துவது ஸ்கிட்டின் (டிராக்குக்கு உள்ளே இருக்கும் பின் சஸ்பென்ஷன் தொகுதி) முன்கை, அதாவது ஸ்கிட்டை வண்டியோடு இணைக்கும் இரண்டு கைகளில் முன்னது. ஸ்பிரிங்கை வெள்ளைக் கோட்டுக்கே திருப்பிவிட்டு ஸ்கிட்டைக் கழற்றினேன்.

முதலில் பின் அச்சின் போல்ட்டைத் தளர்த்தி, டிராக் இழுவைத் திருகுகளையும் தளர்த்தினேன். டார்ஷன் ஸ்பிரிங்கின் நீண்ட காலைக் கேமிலிருந்து விடுவிப்பதுதான் கவனமாகச் செய்யவேண்டிய இடம். இதற்கென்றே ஒரு கொக்கிக் கருவி கிடைக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஸ்பிரிங் விசிறி அடிக்கும், விரலோ பல்லோ போகும். பிறகு டனலின் (டிராக்குக்கு மேல் கவிந்த உடல் கூடு) பக்கத்துக்கு இரண்டாக நான்கு போல்ட்டுகள். ஒரு பக்கப் போல்ட்டைக் கழற்றினதும் மறுபக்கத்தைத் திருகினால் உள்ளே தண்டும் சேர்ந்து சுழலும், கழலவே கழலாது. ஆகவே நான்கையும் முதலில் கால் சுற்று இளக்கிவைத்துவிட்டு அப்புறம்தான் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அட்டையும் பழைய மெத்தையும் விரித்து வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். எரிபொருள் தொட்டியைக் கிட்டத்தட்டக் காலிசெய்து, பேட்டரியையும் எடுத்துவிட்டுத்தான் சாய்க்க வேண்டும். ராட்செட் பெல்ட்டால் ஸ்கிட்டை அமுக்கிக் கட்டினால் டிராக்குக்குள்ளிருந்து சிரமமில்லாமல் வெளியே வந்துவிடும்.

வெளியே எடுத்து பெல்ட்டை அவிழ்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் கழற்றிய பிறகு முன்கை தன் கனத்துக்கே தொங்கி விழவேண்டும். இது துருப்பிடித்த கீலில் மாட்டிய கதவு போல வைத்த இடத்திலேயே நின்றது. கையால் அழுத்தினேன், அசையவில்லை. முழங்காலைக் கொடுத்ததும் கிரீச்சென்று ஒரு இஞ்சு இறங்கி மறுபடி நின்றது. இத்தனை நாளும் நடு ஷாக் செய்யவேண்டிய வேலையைத் துரு செய்துகொண்டிருந்திருக்கிறது!

முன்கை ஆடும் தண்டை மரச்சுத்தியலால் தட்டி வெளியே எடுத்தேன். உள்ளே கிரீஸ் என்று இருந்தது கறுத்து இறுகி, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. கிரீஸ் நிப்பிளில் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் வெளியே கசிகிறதே, உள்ளே போகிறது என்றுதான் நினைப்போம். போகவில்லை. நிப்பிளுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் சிறு துளை அடைத்துக்கொண்டிருந்தது. துளையைச் சன்னக் கம்பியால் குத்தித் திறந்து, தண்டை எமரி தாளால் தேய்த்து, புஷ்களைப் புதிதாக அடித்து இறக்கி, நீரில் கரையாத கிரீஸைப் பூசிப் பொருத்தியதும் முன்கை சுண்டுவிரல் தள்ளலுக்கு ஆடியது. பின்கையும் இதே நிலைதான், சற்றுக் குறைவு. மதியக் குழிகளில் உதை வாங்கியதற்குப் பெரும்பங்கு காரணம் இந்த இரண்டு தண்டுகள்.

ஸ்கிட் வெளியே இருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடுவது நல்லது, இதற்காக இன்னொருமுறை இறக்க யாருக்கும் மனம் வராது. போகி சக்கரங்களை (டிராக்கின் உள்பக்கம் உருளும் சிறு சக்கரங்கள்) ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினேன். கரகரவென்று ஒலித்தவற்றின் பேரிங்கை மாற்றினேன். ரெயில்களை (டிராக்கின்மேல் படியும் ஸ்கிட்டின் இரு நீண்ட சட்டங்கள்) மண்ணெண்ணெயால் துடைத்து, முன்கை பொருந்தும் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தேன், இல்லை. ரெயிலின் அடியில் ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடர் தேய்மான எல்லையை நெருங்கியிருந்தது. அதற்குப் பனித்தூள்தான் குளிர்ச்சியும் மசகும். வெற்றுப் பனிக்கட்டிமேல் நீண்ட தூரம் ஓட்டினால் உருகித் தேயும். முன்முனைத் திருகைக் கழற்றி, பழையதைப் பின்னோக்கித் தட்டி எடுத்துவிட்டு, ரெயிலில் சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதைப் பின்னாலிருந்து செருகினேன். சோப்பு இல்லாமல் முயன்றால் பாதியில் சிக்கிக்கொண்டு முன்னும் போகாது பின்னும் வராது. பழைய ஸ்லைடரை எறியவில்லை, அதற்கு ஒரு வேலை பின்னால் வந்தது.

அடுத்தது ஷாக். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஷாக்கையும் மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி முழுதாக அமுக்கிவிட்டேன். வாயு நிரப்பிய ஷாக்கானால் தண்டு தானாக மெதுவாக வெளியே வரவேண்டும். பின் ஷாக் வந்தது. நடு ஷாக்கின் தண்டு உள்ளேயே படுத்துவிட்டது. இழுத்து அமுக்கிப் பார்த்தால், திசை மாறும் ஒவ்வொருமுறையும் ஒரு விரற்கடை தூரம் எதிர்ப்பே இல்லை, பிறகுதான் பிடிக்கிறது. எண்ணெயில் காற்று கலந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அதுதான். முன்னால் இருக்கும் இரண்டில் வலது நன்றாக இருந்தது. இடதில் தண்டுமேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, ஆனால் அழுத்தம் இருந்தது.

இந்த மாதிரி ஷாக்கில் எண்ணெய்க்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டன் இருக்கும். வாயு 200 பிஎஸ்ஐ, 300 பிஎஸ்ஐ என்ற அழுத்தத்தில் இருக்கும். நைட்ரஜன் உருளையும் ரெகுலேட்டரும் இல்லாமல் வீட்டில் திறக்கிற பொருள் இல்லை அது. நடு ஷாக்கை ஷாக் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து சீல், எண்ணெய், வாயு மூன்றும் மாற்றினேன். மொத்த வேலையிலும் கூலி கொடுத்தது இதற்கு மட்டும்தான். கொடுக்கும்போதே ஓட்டுகிறவரின் எடையையும் எந்த மாதிரிப் பாதை என்பதையும் சொல்லிவிட்டால் உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகட்டு அடுக்கை அதற்கேற்ப வைத்துத் தருவார்கள். பிறகு கேட்டால் மறுபடி பிரிக்க வேண்டும், மறுபடி கூலி. இடது முன் ஷாக் சீல் செய்த வகை, பிரிக்க முடியாது. அதை அப்படியே மாட்டிவிட்டேன்.

ஸ்கிட்டைத் திரும்ப ஏற்றும்போது முன் போல்ட்டுகளை முதலில் விரலால் மாட்டிவிட்டு, வண்டியை மறுபக்கம் சாய்த்துப் பின்னவற்றை மாட்டினேன். நான்கும் மாட்டிய பிறகுதான் கையேடு சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கம். டிராக்கின் இழுவையையும் கையேட்டில் சொன்ன எடையைத் தொங்கவிட்டு, ரெயிலுக்கும் டிராக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து வைத்தேன். இழுத்து இறுக்கினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இறுக்கமான டிராக் எஞ்சின் சக்தியைத் தின்னும், பின் சஸ்பென்ஷன் அமுங்குவதையும் தடுக்கும். கடைசியில் பின்பக்கத்தை உறுதியான தாங்கியில் தூக்கி, பின்னால் ஆள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சுழலவிட்டு டிராக் இரண்டு ரெயிலுக்கும் நடுவில் ஓடுமாறு திருகுகளைச் சரிசெய்தேன்.

இதற்குப் பிறகுதான் ட்யூனிங் என்று சொல்லத்தக்க வேலை ஆரம்பம். பின்பக்க அமுக்கத்தில் தொடங்கினேன். பின் பம்பரைத் தூக்கி சஸ்பென்ஷன் முழுதாக நீண்ட நிலையில் தரையிலிருந்து பம்பர் வரை 61 செ.மீ. ஹெல்மெட், பூட்ஸ், கனத்த உடை எல்லாம் போட்டு, ஓட்டும்போது உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து, ஓரிருமுறை குதித்து அமர்ந்ததும் 48. அமுக்கம் 13 செ.மீ. எனக்கு வேண்டியது 8 முதல் 10 செ.மீ., அதாவது 3 முதல் 4 அங்குலம். கேமைக் கடைசிப் படிக்குத் திருப்பியும் 11.5-க்குக் கீழே வரவில்லை. முழுக் குளிருடையோடு 90 கிலோவைத் தொடுகிறேன், வண்டியில் இருந்த ஸ்பிரிங் அந்த எடைக்கு மெல்லியது. கம்பியின் கனத்தை வெர்னியரில் பார்த்தால் 8.8 மி.மீ. அதே கூட்டுக்குப் பொருந்தும் 9.5 மி.மீ. கம்பி ஸ்பிரிங் ஒரு ஜோடி பழைய வண்டி உடைக்கும் இடத்தில் கிடைத்தது. முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை என்று தோன்றும். ஆனால் கடினம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். வலது, இடது என்று தனித்தனி ஸ்பிரிங் என்பதால் வாங்கும்போது சுருளின் திசையைப் பார்த்து வாங்க வேண்டும். அதை மாட்டி, கேமை நடுப்படியில் வைத்ததும் 9 செ.மீ.

பின்பக்கம் உட்கார்ந்துபோகாமல் நின்றதால் மூக்கு சற்றுத் தாழ்ந்தது. வளைவில் முதல்முறையாக ஒரு வித்தியாசம் தெரிந்தது இப்போதுதான்.

அடுத்து ஸ்கீயின் கனத்தை அளந்தேன். குளியலறையில் வைக்கும் எடை மெஷின் இரண்டு, மெஷினின் உயரத்துக்கே டிராக்கின் அடியில் பலகை. பலகை இல்லாமல் அளந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு எல்லாம் பொய்யாகிவிடும். ஸ்கீ போல்ட்டுக்கு நேர் கீழே ஒரு கட்டைத் துண்டை மெஷின்மேல் வைத்தால் கனம் ஒரே புள்ளியில் இறங்கும். ஆள் உட்கார்ந்த நிலையில் இடது 41 கிலோ, வலது 47. ஆறு கிலோ வித்தியாசம். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நீளத்தில்தான் இருந்தன. இடது ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கிறது போல. இடதை மட்டும் ஒன்றரைச் சுற்று இறுக்கி இரண்டையும் ஒரு கிலோ வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தேன். நீளம் ஒன்றாக இருக்கிறதே என்று நம்புவதைவிட மெஷினை நம்பலாம்.

இப்போது நடு ஷாக்கின் ஸ்பிரிங். இதைத் தளர்த்தினால் ஸ்கிட்டின் முன்பகுதி கொஞ்சம் தாழ்ந்து கனம் ஸ்கீக்கு வரும். 6 மி.மீ. தளர்த்தியதும் மெஷினில் ஒவ்வொரு ஸ்கீயிலும் நான்கு கிலோ கூடியது. ஓட்டத்தில், ஆக்ஸிலேட்டரை விட்டு வளைவுக்குள் நுழையும்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. வளைவின் நடுவில் மறுபடி எரிபொருள் கொடுத்தால் மட்டும் இன்னும் வெளியே போனது. அந்தக் கட்டத்துக்கு லிமிட்டர் பட்டை. முன்கை எவ்வளவு தூரம் நீளலாம் என்று கட்டிவைக்கும் பட்டை அது. ஒரு துளை சுருக்கினேன். ஒரு போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டுவது, ஐந்து நிமிட வேலை. இந்த வண்டியில் செய்த மாற்றங்களிலேயே பெரிய பலன் கொடுத்தது இதுதான். எரிபொருள் கொடுத்தபடியே வளைவை முடிக்க முடிந்தது, ஸ்கீ தரையை விடவில்லை.

நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு துளையும் சுருக்கிப் பார்த்தேன். ஸ்கீ ஆணி அடித்தாற்போலப் பிடித்தது. ஆனால் பின்பக்கம் லேசாகி, பிரேக் பிடித்தால் வால் பக்கவாட்டில் நழுவியது. கிளம்பும்போது டிராக் சுழன்று வழுக்கியது. ஒரு துளைக்கே திரும்பினேன். பட்டை பழையதாக இருந்தால் துளைகள் நீண்டிருக்கும், இரு பக்கமும் ஒரே நீளமா என்று அளந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். என்னுடையதில் ஒன்று 4 மி.மீ. நீண்டிருந்ததால் இரண்டையும் புதிதாகப் போட்டேன்.

ஸ்கீக்குக் கனம் வந்துவிட்டதால் முன் ஸ்பிரிங் இரண்டையும் ஒரு சுற்றுத் தளர்த்த முடிந்தது. ஹேண்டில் லேசானது. முதலில் இறுக்கிப் பார்த்த அதே ஸ்பிரிங் இப்போது அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது.

கோடுகளில் வெட்டி இழுப்பதில் மிச்சம் இருந்தது. பழைய ஸ்லைடரின் வேலை இங்கேதான். அதிலிருந்து 6 மி.மீ. கனத்துக்கு ஒரு துண்டு சீவி, ஸ்கீக்கும் அதன் கால் மூட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கட்டையின் பின்பாதிக்கு அடியில் வைத்தேன். இதனால் ஸ்கீயின் பின்பகுதி சற்று அழுந்தி, கார்பைடின் கடி பின்னுக்கு நகரும். முன்முனை ஒவ்வொரு கோட்டையும் மோப்பம் பிடித்துப் போவது நின்றது. 9 மி.மீ. துண்டும் வைத்துப் பார்த்தேன், அப்போது ஹேண்டிலைத் திருப்பினால் பதில் தாமதமாக வந்தது. 6 போதும்.

குழி விழுந்த இறக்கத்துக்கு எதையும் தனியாகச் செய்யவேண்டி வரவில்லை. தண்டுகள் தடையில்லாமல் ஆடியதும், நடு ஷாக்குக்கு உயிர் வந்ததும், கனமான பின் ஸ்பிரிங்கும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டன. பெரிய குழியில் எப்போதாவது அடிவரை இறங்கி முட்டுகிறது. கேமைக் கடைசிப் படிக்குத் திருப்பினால் முட்டாது, சிறு குழிகளில் முதுகு வலிக்கும். இருவர் ஏறும் நாளில் மட்டும் அந்தப் படி.

இன்னொரு பழைய வண்டி கைக்கு வந்தால் வரிசையை மாற்றுவேன். முன்பக்க மூட்டுகளை ஆட்டிப் பார்த்த அதே நாளில் ஸ்கிட்டையும் வெளியே எடுத்துவிடுவேன். ஸ்கிட்டின் கை தானாகத் தொங்கி விழுகிறதா என்று பார்க்காமல் ஒரு ஸ்பிரிங்கையும் தொடமாட்டேன். ஷாக்கைப் பனி விழுவதற்கு முன்பே பழுதுபார்க்கக் கொடுப்பேன், சீசன் நடுவில் அவர்களிடம் வரிசை நீளம். எடை மெஷினை முதல் நாளே வெளியே எடுப்பேன். கார்பைடு வாங்குவதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்வேன், ஏனென்றால் தப்பான ஸ்கீ கோணத்தோடு ஓட்டிய முதல் சில ஓட்டங்களிலேயே புதியதன் ஓரம் கொஞ்சம் தின்னப்பட்டுவிட்டது.

கிரீஸ் இப்போது சுமார் 800 கி.மீ.க்கு ஒருமுறை. கிரீஸ் கன்னை அழுத்தும்போது பழைய கிரீஸ் புஷ்ஷின் இரு முனையிலும் வெளியே வருகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறேன். நிப்பிள் வாயில் கசிவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மிச்சம் இருப்பது இரண்டு. இடது முன் ஷாக்கின் எண்ணெய்ப் பூச்சு இன்னும் இருக்கிறது. வலது வளைவில் வண்டி சற்று அதிகம் சாய்வது அதனால்தான் என்று நினைக்கிறேன். அடுத்த பனிக்கு முன் பிரிக்கக்கூடிய வகையில் ஒரு ஜோடி தேட வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது. இன்னொன்று, ஸ்கிட்டின் போல்ட்டுகள். ஏற்றிய பிறகு முதல் ஓட்டம் முடிந்ததும் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்ததில் முன் வலது போல்ட் கால் சுற்று இளகியிருந்தது. மரைப் பசை தடவி இறுக்கியிருக்கிறேன், பெயின்ட் மார்க்கரால் கோடும் போட்டிருக்கிறேன். கோடு இதுவரை விலகவில்லை.